மின்சாரக் காரில் ஏசிக்கு அஞ்ச வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த அக்னி நட்சத்திர நாள்களில் ஒரு நண்பகல், கோயம்புத்தூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், எனக்கு முன்னே சென்ற மின்சாரக் காரின் நான்கு கண்ணாடிகளும் இறக்கிவிடப்பட்டிருந்தன. பின்னிருக்கையில் ஒரு முதியவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே வந்தார். அடுத்த சார்ஜிங் நிலையத்தில் அவர்களைச் சந்தித்தபோதுதான், ஏசி பழுதாகவில்லை என்பதும், ஏசி போட்டால் சேலம் வரை சார்ஜ் தாங்காது என்ற அச்சத்தில் அதை அணைத்து வைத்திருந்தார்கள் என்பதும் தெரிந்தது. மூன்று ஆண்டுகளாக மின்சாரக் கார் ஓட்டி வருபவன் என்ற முறையில், அந்த அச்சம் எந்த அளவுக்கு நியாயமானது என்பதை எழுத விரும்புகிறேன்.

வெயிலில் கிடந்த காரைக் குளிர்விக்க முதல் பத்து நிமிடங்கள் ஏசி நிறைய மின்சாரத்தை இழுக்கும் என்பது உண்மைதான். உள்ளே குளிர்ந்த பிறகோ, மணிக்கு 1 முதல் ஒன்றரை யூனிட் வரைதான் அதற்குத் தேவைப்படுகிறது. என் கார் 1 யூனிட்டில் ஏறக்குறைய 7 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் இரண்டரை மணி நேரச் சேலம் பயணத்தில் ஏசியால் குறையும் தூரம் 20 கிலோமீட்டர் அளவுக்குத்தான் வரும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆகக் குறைத்தாலே அதைவிட அதிகம் மிச்சமாகும். கண்ணாடியை இறக்கிவிட்டு விரைந்தாலோ காற்றெதிர்ப்பு கூடி மின்செலவும் கூடும். ஆனால் அதே ஏசி அவிநாசி சாலை நெரிசலில் வேறு கணக்குக் காட்டும். 10 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் ஆகும் நாளில், கார் ஓடுவதற்குச் செலவாவது ஒன்றரை யூனிட் என்றால் குளிர்ச்சிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு போய்விடும். ஏசியின் செலவு நேரத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்தது அல்ல என்பதைப் புரிந்துகொண்டால், எங்கே கவலைப்பட வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய இன்னொரு வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்துவிடுவோம். சிறிய எஞ்சின் திணறும் என்பதே காரணம். மின்சாரக் காரில் ஏசியை இயக்கும் கம்ப்ரசர், பெட்ரோல் காரில்போல பெல்ட் வழியாக எஞ்சினோடு பிணைக்கப்பட்டதல்ல. அது பேட்டரியிலிருந்து தனியே இயங்குவது. குடும்பத்தோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு காரை உதகை வரை, ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்வதற்கு மட்டுமே 9 யூனிட்டுக்கு மேல் வேண்டும். அதற்கு முன்னால் ஏசி கேட்பது அற்பம். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் முன்கண்ணாடியின் உட்புறம் பனித்துப் போகும்போது, அந்த ஈரத்தை உறிஞ்சுவதும் ஏசிதான். சார்ஜ் மிச்சம் பிடிப்பதாக எண்ணி, ஒரு கையால் துணி கொண்டு கண்ணாடியைத் துடைத்தபடி மறுகையால் ஓட்டுவோரை நான் கண்டிருக்கிறேன். அது ஆபத்தான சிக்கனம்.

உண்மையில் மின்சாரக் காருக்குச் சுமையாவது உள்ளே குளிர்விப்பதைவிடச் சூடேற்றுவதுதான். பெட்ரோல் காரில் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாவதால், அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டாலே ஹீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. மோட்டாரில் அப்படி வீணாகும் வெப்பம் மிகக் குறைவு; ஆகவே தண்ணீர் காய்ச்சும் மின்கம்பிபோல, பேட்டரி மின்சாரத்தைக் கொண்டே சூடேற்ற வேண்டும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2019இல் வெளியிட்ட ஆய்வில், 35 டிகிரி வெயிலில் ஏசியோடு ஓட்டியபோது சராசரியாக 17 விழுக்காடு குறைந்த ஓடுதூரம், சுழியத்துக்கு ஏறத்தாழ 7 டிகிரி கீழான குளிரில் ஹீட்டரோடு ஓட்டியபோது 41 விழுக்காடு குறைந்தது. வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் இருந்தால் செலவு வெகுவாகக் குறையும். எல்லாக் கார்களிலும் அது இருப்பதில்லை. சனவரியில் உதகையில் தங்குவோர், காரை ஓட்டலில் சார்ஜில் போட்டிருக்கும்போதே உள்ளே சூடேற்றிக்கொண்டு, பிறகு ஹீட்டரைக் குறைத்து ஸ்வெட்டரோடு புறப்படுவது நல்லது. ஆனால் சார்ஜை முழுதும் நிரப்பிவிட வேண்டாம். இறக்கத்தில் மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடம் வேண்டும்.

கோடையிலும் இதே வழிதான். வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பு கைபேசிச் செயலி மூலம் ஏசியைத் தொடங்கிவிட்டால், அந்த முதல் பெருஞ்செலவின் பெரும்பகுதி பேட்டரியைத் தொடாமல் வீட்டு இணைப்பிலேயே முடிந்துவிடும். நான் வாங்கியபோது ஷோரூமில் இதை யாரும் சொல்லவில்லை. விளம்பரத்தில் கண்ட ஓடுதூரம் ஏசி போடாமல் நடத்திய சோதனையில் கிடைத்தது என்பதையும் சொல்லவில்லை. விற்பனையாளர்கள் ஏசியோடு எவ்வளவு ஓடும் என்பதையும் விலைப்பட்டியலிலேயே எழுதித் தந்தால், முதலில் சொன்ன முதியவர் வியர்த்துக்கொண்டு பயணம் செய்திருக்க மாட்டார்.

அரசும் சார்ஜிங் நிலையங்களை நடத்துவோரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து நிமிடம் நிற்கும் பெட்ரோல் பங்கில் கூரை இருக்கிறது. முக்கால் மணி நேரம் நிற்க வேண்டிய சார்ஜிங் நிலையங்கள் பலவற்றில் கூரை இல்லை. விரைவு சார்ஜின்போது பேட்டரி சூடாவதால், பல கார்களில் அதே கம்ப்ரசர்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. உள்ளே குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் அதுவே. காசு கொடுத்து ஏற்றும் மின்சாரத்தில் ஒரு பகுதி வெயிலை விரட்டவே போகிறது. புதிதாக அமையும் நிலையங்களுக்காவது கூரையைக் கட்டாயமாக்கி, அதன்மேல் சூரியத் தகடுகளைப் பொருத்தச் செய்ய வேண்டும்; அதுவரை, இருக்கும் நிலையங்களில் ஒரு தகரப் பந்தலாவது போட்டுத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.