எங்க கடை ஆர்டர் நோட்டுல மாதா திருநாள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார். பனிமய மாதா திருநாளுக்காக ஆகஸ்ட் 5-ல தூத்துக்குடி மாவட்டம் முழுக்க எதுக்கு லோக்கல் லீவு, ஒரு மதத்துக்காரங்க கும்பிடுறதுக்கு எங்க பிள்ளைங்க ஏன் அதுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை ஸ்கூலுக்குப் போகணும், ரோட்டையும் அடைச்சுப் போடுறாங்கன்னு. படிச்சதுல இருந்து மனசு சரியில்ல. அவர் மேல எனக்குக் கோவம் கிடையாது, ஊருக்குப் புதுசா வந்தவரா கூட இருக்கலாம். நான் இந்து. மாதா கோயிலுக்கு நாலு தெரு தள்ளி தையல் கடை வச்சிருக்கேன், எங்க அப்பா ஆரம்பிச்ச கடை. அவர் கேட்டதுக்குப் பதில் எங்க கடையிலயே இருக்குன்னு தோணுச்சு, அதான் எழுதுறேன்.

எங்க தொழிலுக்கு இந்த ஊர்ல வருஷத்துக்கு ரெண்டு சீசன். ஒண்ணு தீபாவளி, இன்னொண்ணு பனிமய மாதா திருநாள். ஜூலை 26 கொடியேத்தம், ஆகஸ்ட் 5 பெருவிழா, ஜூலை 10 தாண்டினா புதுத் துணி வாங்கி வைக்கவே பயமா இருக்கும். அப்பாவோட பழைய ஆர்டர் நோட்டு ஒரு கட்டு இன்னும் அலமாரியில கிடக்கு. அதுல அளவுக்குப் பக்கத்துல சிவப்பு மையில "தி.நா."ன்னு குறிச்சிருப்பார், திருநாளுக்கு முன்ன குடுத்தே ஆகணும்னு அர்த்தம். பர்னாந்து, மச்சாது, ரொட்ரிகோ, கோமஸ்னு வரிசையா பேரு, எல்லாம் கடல்ல போய் வந்த கிறிஸ்தவக் குடும்பங்க. சரி, அது எதிர்பார்த்ததுதான். அதே பக்கத்துல சுடலைமுத்துன்னு ஒரு பேரு, பேச்சியம்மாள் பேரப்பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை, காதர் பாய்க்கு ரெண்டு சட்டை, அவங்க பேருக்கு நேராவும் அதே சிவப்பு மையில "தி.நா."! யாரும் மதம் மாறல, யாரும் பெரிசாவும் எடுத்துக்கல, திருநாளைக்கு பீச் ரோட்டுக்குப் போகணும், போறதுக்கு புதுச் சட்டை வேணும், அவ்வளவுதான். எனக்கு ஆறு வயசுல அம்மை போட்டப்ப எங்கம்மா மாரியம்மனுக்கும் நேர்ந்துக்கிட்டாங்க, மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துக்கிட்டாங்க. ரெண்டையும் செலுத்தினாங்க.

இது வெளிநாட்டுத் திருவிழான்னு இப்பல்லாம் வாட்ஸ்அப்ல வேற சுத்துது. முத்துக்குளிச்ச பரதவ மக்கள் 1530-கள்லயே இந்த வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்தவங்க. மாதா சிலை 1555-ல மணிலாவுல இருந்து கப்பல்ல வந்ததுன்னு சொல்றாங்க, அப்படிப் பார்த்தா 470 வருஷம். இப்ப இருக்கிற கோயில் 1713-ல கட்டி முடிச்சது, 1982-ல போப் அதுக்கு பசிலிக்காங்கிற சிறப்புக் கோயில் அந்தஸ்து குடுத்தார். ரோமாபுரியில நல்ல வெயில் காலத்துல ஒரு குன்னு மேல பனி பெஞ்சதுன்னு ஒரு பழைய கதை உண்டு, அந்தப் பேர்ல வந்ததுதான் பனிமய மாதா. போர்ச்சுக்கீசுல தாஸ் நேவிஸ்னா பனின்னு அர்த்தமாம், அதனாலதான் இங்க தஸ்நேவிஸ் மாதான்னு சொல்றது, பிள்ளைகளுக்கும் தஸ்நேவிஸ்னு பேரு வைக்காங்க. பனியே பார்க்காத ஊரு இது. எங்களுக்குத் தெரிஞ்சு வெள்ளையா குவிஞ்சு கிடக்குறது உப்பு ஒண்ணுதான், அந்த உப்பளத்துல வெயில்ல நின்னு காலு வெடிச்ச பொம்பளைங்க சாயங்காலம் குளிச்சுட்டு பூ வச்சுக்கிட்டு பனிமய மாதாவைப் பார்க்கப் போறதை நான் சின்ன வயசுல இருந்து பார்க்கேன். அவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இந்துக்கள்.

அப்புறம் மொழி. இங்க உள்ள கிறிஸ்தவங்க சர்ச்சுன்னு சொல்ல மாட்டாங்க, கோயில்னுதான் சொல்லுவாங்க. பூசைக்குப் போறேன்னுதான் சொல்லுவாங்க, பாதிரியாரை சாமின்னு கூப்பிடுவாங்க. கொடிமரம், சப்பரம், தேர், வடம் எல்லாம் நம்ம வார்த்தை. அவங்க நம்மகிட்ட எடுத்தாங்கன்னு மட்டும் நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஒரு தமிழ் வாத்தியார் கடையில உக்காந்து பேசிட்டு இருக்கும்போது சொன்னார், நீ சொல்ற சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாமே போர்ச்சுக்கீசு வார்த்தைதான்னு. உன் கையில இருக்கிற பொத்தானும் அப்படி வந்ததுதான்னார். அன்னைக்கு நான் சட்டைக்கு பொத்தான் வச்சுக்கிட்டு இருந்தேன், ஊசியைக் கீழ வச்சுட்டு அவரையே பார்த்தேன். தமிழ் எழுத்துல அச்சடிச்ச முதல் புஸ்தகம் தம்பிரான் வணக்கம்ங்கிற கிறிஸ்தவ போதனைப் புஸ்தகம், 1578-ல கொல்லத்துல அச்சானது, அதைச் செஞ்ச அன்றிக் அடிகளார்ங்கிற போர்ச்சுக்கீசு பாதிரியார் இந்த முத்துக்குளித்துறையிலதான் வருஷக்கணக்கா இருந்தார், அச்சுக்கூடத்துக்குப் பணம் போட்டதும் இந்தக் கடற்கரை சனங்கதான். அதுக்கப்புறம் 1586-ல அடியார் வரலாறுன்னு ஒரு பெரிய புஸ்தகம், புனிதர்களோட கதையெல்லாம் இருக்கிறது. தமிழ் அச்சு ஏறினதே இப்படிப்பட்ட சனங்களுக்காகத்தான், இதைப் போய் வெளிநாட்டு விழான்னா எப்படி?

தங்கத்தேரைப் பார்த்தவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. 1806-ல செஞ்சது, பரதவர்களோட ஜாதித் தலைவர் ஒருத்தர் செஞ்சு குடுத்தது, அதனாலயே அவருக்குத் தேர்மாறன்னு பேரு. இது வருஷாவருஷம் ஓடாது. 2013-ல ஓடுச்சு, அப்புறம் பத்து வருஷம் கழிச்சு 2023-லதான் ஓடுச்சு. அன்னைக்கு நான் வடத்துல கை வச்சேன், எனக்கு முன்னால ஒரு மீன்காரர், பின்னால எங்க தெரு பிள்ளையார் கோயில் கமிட்டி அண்ணாச்சி, வேர்வையில வடமே நனைஞ்சு போச்சு. மத்த வருஷங்கள்ல சப்பரம்தான், அதுவும் ஊரே நிக்கும். கொடியேத்தத்தன்னைக்கு பாலும் பழமும் கொண்டு வந்து கொடிமரத்துக்கிட்ட வைப்பாங்க, கொடி மேல ஏறும்போது துறைமுகத்துல நிக்கிற இழுவைக் கப்பல்ல சங்கு ஊதுவாங்க. அந்தச் சத்தம் கேட்டா மிஷினை நிறுத்திட்டு ஒரு நிமிஷம் எந்திரிச்சு நிப்பார் எங்கப்பா, இப்ப நானும் நிக்கேன்.

2020-ல கொரோனாவுக்காக ஆள் இல்லாம நடத்தினாங்க, போன்லதான் பார்த்தோம். அந்த வருஷ ஜூலை நோட்டை எடுத்துப் பார்த்தேன், மொத்தம் மூணு ஆர்டர், மூணும் மாஸ்க். வேதக்காரங்க வீட்டுல மட்டும் அன்னைக்கு வருத்தம்னு நினைச்சிராதீங்க, ராட்டினம் போடுறவங்க, பேரீச்சம்பழம் விக்கிறவங்க, வளையல் கடை, பூக்கட்டுறவங்க, எங்கள மாதிரி தையல்காரங்க எல்லாம் பாதி வருஷ வருமானத்தை இழந்து உக்காந்திருந்தோம்.

அந்த வாசகர் சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்கல. எந்தெந்த ரோடு எத்தனை மணிக்கு அடைப்பாங்கன்னு ரெண்டு நாள் முன்னாடியே தெளிவா சொல்லிட்டா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க அலைய வேண்டாம். சந்துக்குச் சந்து ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் கட்டி நெஞ்சு அதிர டிஜே போடுறதும் எனக்குப் பிடிக்கல, மாதா பாட்டு பாடிக்கிட்டு நடந்த வயசான பொம்பளைங்க குரல் அதுல காணாமப் போயிருச்சு. முன்னால வரி எடுத்துக் குடுக்க ஒரு பாட்டி, பின்னால நாப்பது பேரு, அப்படிப் பாடிக்கிட்டு எங்க கடையைத் தாண்டுவாங்க. இப்ப அந்தப் பாட்டு முழுசா தெரிஞ்சவங்க எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பேர்தான் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் எண்பது தாண்டியாச்சு.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் உங்க பேப்பர்ல இந்தத் திருவிழாவுக்கு வர்றது போக்குவரத்து மாற்றம், எத்தனை போலீஸ் பாதுகாப்பு, லீவு அறிவிப்பு இது மூணும்தான், படம் கூட மேல இருந்து எடுத்த கூட்டத்தோட படம்தான். அடுத்த வருஷம் ஒரு நிருபரை கொடியேத்தத்துக்கு முன்னமே அனுப்புங்க, அந்த ரெண்டு பாட்டிங்களையும் உக்கார வச்சு பாட்டை எழுதி எடுத்து பேப்பர்ல போடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன். அப்பா நோட்டும் எடுத்து வைக்கேன். ஜூலை முதல் வாரத்துக்குள்ள வரச் சொல்லுங்க, அதுக்கப்புறம் எனக்கு மிஷினை விட்டு எந்திரிக்க முடியாது.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர்,
தூத்துக்குடி.