அக்காவுக்கு: வியன்னா ஹோட்டலும் நம்ம மொட்டை மாடியும்

அக்கா,

அப்பா தலைத்திவசத்துக்கு வர முடியாதுன்னு நீ மெசேஜ் போட்டதுக்கு நான் வெறும் கட்டைவிரல் மட்டும் போட்டேன்னு உனக்கு வருத்தம்னு மாமா சொன்னாரு. போன்ல பேசினா நீ அழுவ, நான் கத்துவேன், அதான் எழுதறேன். எதை எழுத ஆரம்பிச்சாலும் வியன்னாவுலதான் போய் நிக்குது.

அந்த ஹோட்டலைப் புடிச்சது நீ. அதுக்கு உனக்கு எத்தனை தேங்க்ஸ் சொன்னாலும் தகும். அரண்மனை பக்கத்துல சரவிளக்கு தொங்கற இடமா பாத்துப் போட்டிருந்தா அப்பா மறுநாளே ஊருக்குப் போலாம்னு ஆரம்பிச்சிருப்பாரு. சர்வீஸ் முழுக்க மின்வாரியத்துல ஓட்டின மனுஷனை, வருஷத்துக்கு எவ்வளவு எனர்ஜி செலவாகுதோ அவ்வளவையும் தானே தயாரிச்சுக்கற ஹோட்டல்ல தங்க வைக்கணும்னு உனக்குத்தான் தோணும். ஸ்டட்ஹாலே ஹோட்டல்னு பேரு சொன்னப்போ ஏதோ கல்யாண மண்டபம்னு நெனச்சேன். 2009ல அந்தப் புது கட்டடத்தைத் திறந்தாங்களாம், ஊருக்குள்ள இருக்கற ஹோட்டல்கள்ல உலகத்துலயே இதுதான் முதல்னு நீ ட்ரெயின்ல படிச்சுக் காட்டினப்போ அப்பா நம்பவே இல்ல. "டிசம்பர்ல வெயிலுக்கு எங்க போவான்? கிரிட்லதான், ஊருக்குப் பொதுவா வர்ற கரண்ட் லைன்லதான் எடுப்பான்." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாத்துட்டு அவரே, "ஓஹோ, கோடையில திருப்பிக் குடுத்து நேர் பண்ணிக்குவான், வருஷக் கணக்கு"ன்னாரு. ட்ரெயின்ல வர்றவங்களுக்கு வாடகையில 10 சதவீதம் தள்ளுபடின்னு நீ சொன்னதும், "இந்தியாவுல இருந்து பிளேன்ல வந்தது கணக்குல வராதா?"ன்னு கேட்டாரே, நீ கூட சிரிச்ச.

நீ பாக்காதது ஒண்ணு இருக்கு. நீ உன் ரூமுக்குப் போனப்புறம் அவரு ஃபேன் ஸ்விட்சைத் தேடினாரு. ஃபேன் இல்ல, ஏசி சத்தமும் இல்ல. டிஷ்யூ பேப்பர்ல நூல் மாதிரி ஒரு துண்டு கிழிச்சு, நாற்காலி மேல ஏறி (நான் முட்டியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன்), காத்து வர்ற ஓட்டைக்கு நேரா புடிச்சாரு. துண்டு மெதுவா ஆடுச்சு. வெளிய போற காத்தோட சூட்டை உள்ள வர்ற காத்துக்கு மாத்தி விடறான், சூட்டை வீணாக்கறதில்லன்னு அங்கேயே நின்னு கிளாஸ் எடுத்தாரு. நிலத்தடித் தண்ணிய சுத்த விட்டுத்தான் குளிர்ச்சி பண்றான்னு சொன்னப்போ அவரு மூஞ்சிய நீ பாத்திருக்கணும். ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில கூட அப்படி இருந்ததில்ல. மாடியில லாவெண்டர் வளர்க்கறாங்கங்கறது மட்டும் அவருக்கு ஒத்துக்கல, அவ்வளவு நல்ல மாடியில வடகம் போடலாமேன்னாரு.

காலையில ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணுகிட்ட "வேர் யூ ஆர் கீப்பிங் த இன்வெர்ட்டர்?"னு கேட்டாரு. அந்தப் பொண்ணு பாவம், யாரையாவது கூப்பிட்டுக் கேக்கறேன்னு போனையும் எடுத்துட்டா. அப்பதான் நீ, "அப்பா, இது உங்க சப்ஸ்டேஷன் இல்ல, வாங்க"ன்ன.

ஷோன்ப்ருன் அரண்மனை டிக்கெட் டைம் போட்டு வாங்கினது, லேட்டானா உள்ள விட மாட்டான், எல்லாம் புரியுது. நான் ஒண்ணும் உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அவரு கண்ணாடியைக் கழட்டி சட்டைப் பாக்கெட்ல போட்டுட்டு, அன்னிக்கு முழுக்க மாளிகையில ஒரு ரூமையும் சரியா பாக்கல அக்கா. நீ எட்டு மாசம் சேத்து வெச்ச பணத்துல கூட்டிட்டுப் போன ட்ரிப், எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் வருது, என்ன பண்ண.

அன்னிக்கு ராத்திரி கீழ முற்றத்துல நாம பேசினதை இங்க எழுத மாட்டேன். சொந்தக்காரங்க படிப்பாங்க, உன் ஆஃபீஸ் ஃப்ரெண்ட்ஸும் படிப்பாங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்தை ஜாஸ்தி, சாரி. ஆனா "நீதானே அங்கயே இருக்க, நீயே பாத்துக்கோ"ன்னு ஆரம்பிச்சது யாரு? பாத்துக்கிட்டேன்ல? ஆஸ்பத்திரி பெஞ்சுல தூங்கி எந்திரிச்சு வேலைக்குப் போனதெல்லாம் வீடியோ கால்ல தெரியாது. சரி விடு. நீ அங்க தனியா உக்காந்து அழுததும் எனக்குத் தெரியாதுதான்.

விஷயத்துக்கு வரேன். வீட்டை விக்கல. புரோக்கர்கிட்ட சொல்லியாச்சு. மாடியில 3 கிலோவாட் சோலார் போடப்போறேன், மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். இது திடீர்னு வந்த ஐடியா இல்ல. வியன்னாவுல இருந்து ம்யூனிக் திரும்பறப்போ நீ ஜன்னல்ல சாஞ்சு தூங்கிட்ட, அவரு நாலு மணி நேரமும் நம்ம தண்ணி டேங்க் நிழல் எந்தப் பக்கம் விழும், பக்கத்து வீட்டுத் தென்னை மறைக்குமான்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. உன்கிட்ட சொன்னா சிரிப்பன்னு சொல்லவேணாம்னாரு. சிரிச்சிருப்பியா?

வித்திருந்தா உனக்கு வரவேண்டிய பங்கை நான் மறக்கல, அதை தனியா பேசுவோம், இங்க இல்ல. இப்போதைக்கு கரண்ட் கனெக்‌ஷன் இன்னும் அப்பா பேர்லயே இருக்கு, என் பேருக்கு மாத்த உன் சம்மதக் கையெழுத்து வேணும். ஃபார்ம் மெயில்ல அனுப்பியிருக்கேன். கோவமா இருந்தாலும் போட்டு அனுப்பு.