செயலாளரின் ஆண்டறிக்கை: பொதுப் புல்வெளியும் வராத உறுப்பினர்களும்

அனைவருக்கும் வணக்கம். செயற்குழு வழக்கம்போல் கூடியது. கோடை ஒன்றுகூடல் நடந்தது. கருவிக் கொட்டகைக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. இனி புல்வெளிக்கு வருகிறேன்.

பனி உருகியதும் வைக்கோல் நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரிந்தன, உடனே புகார்களும் வந்தன. அது பனிப்பூஞ்சணம். முந்தைய இலையுதிர் காலத்தில் உதிர்ந்த இலைகளை வாராமலும் நீண்ட புல்லைக் கடைசியாக ஒருமுறை வெட்டாமலும் விட்டோம், மண் உறையும் முன்பே கனத்த பனி வந்து மூடிக்கொண்டது, பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? சாம்பல் நிற வகை பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும், இளஞ்சிவப்பு வகைதான் புல்லின் அடிக்கட்டை வரை போகும். நமக்கு வந்தது முதல் வகை. மண் காய்ந்தபின் மெல்ல வாரிவிட்டோம், காற்றுப் பட்டுத் தானாகத் தேறியது. புகார் எழுதிய யாரும் அதைப் பற்றி எழுதவில்லை, போகட்டும்.

வசந்தம் வந்தால் நம் உறுப்பினர்களுக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிடுகிறது. மண் சதசதவென்று இருக்கும்போதே உரமூட்டையோடு வருகிறார்கள். அந்த நேரத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை மட்டும் குபுகுபுவென்று வளரும், வேர் பின்தங்கும், கோடை வெயிலில் அதன் பலன் தெரியும். தெரிந்தது. ஜூலையில் புல் பழுப்பானதும் "செத்துப்போச்சு" என்றார்கள். குளிர்நாட்டுப் புல் வெப்பத்தில் உறங்கும், மழை வந்தால் எழும். வாரத்துக்கு 2.5 செ.மீ. அளவு தண்ணீர் விடலாம், இல்லையென்றால் உறங்க விடலாம். இன்றைக்குக் கொஞ்சம், பத்து நாள் கழித்துக் கொஞ்சம் என்று எழுப்பி எழுப்பிப் படுக்க வைப்பதுதான் கெடுதல். அப்புறம், அடிக்கடி வெட்டச் சோம்பல்பட்டு ஒட்ட வழித்துவிடும் நண்பர்களுக்கு: 7 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம், வெட்டிய துணுக்குகள் அங்கேயே கிடக்கட்டும், அதுவும் உரம்தான்.

புல்வெளிக்கு உண்மையான வேலைக்காலம் ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் கோடையின் சூடு மிச்சம் இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களைகளின் வேகமும் குறைந்திருக்கும். இதைச் சென்ற பொதுக்குழுவில் விளக்கினேன், எல்லோரும் கை தூக்கினீர்கள். இறுகிய மண்ணைத் துளையிட ஏரேட்டரை வாடகைக்கு எடுத்த சனிக்கிழமை காலையில் அந்தக் கைகளில் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை, வருகைப் பதிவேடு கொட்டகையில்தான் இருக்கிறது. வந்த சிலர் மட்டும் துளை போட்டு, கென்டகி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்க்யூ என்ற மூன்று புல்வகைகள் கலந்த விதையைத் தூவி, மேல்மண் காயாமல் தண்ணீர் தெளித்தோம். ரைகிராஸ் ஒரு வாரத்தில் தலைகாட்டியது. புளூகிராஸுக்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதற்குள் "விதை மோசம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது, பேசியவர்கள் தண்ணீர் தெளிக்க வராதவர்கள். அக்டோபரில் மரத்தடி மூலையைத் தவிர எல்லா இடமும் பச்சை, விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் உள்ளது. சந்தா பாக்கி கணிசமானது. சிலர் நவம்பரில் கட்டினார்கள், மகிழ்ச்சி, ஆனால் விதை வாங்கியது ஆகஸ்டில். இடையில் யார் கைக்காசு போனது என்று நான் சொல்லத் தேவையில்லை.

செயற்குழுவுக்கும், கருவி இரவல் தந்தவர்களுக்கும், தேநீர் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மண் பரிசோதனை செய்ய வேண்டும், மண்ணின் அமில காரத்தன்மை தெரியாமல் சுண்ணாம்பு போடுவது வீண். சாலையோரப் பட்டையில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு தேங்கிக் கருகிய இடத்தை வசந்தத்தில் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இந்தப் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் சாவியை இன்றே தரத் தயார். இல்லையென்றால் நானே பார்க்கிறேன். ஏரேட்டருக்கு இப்போதே முன்பணம் கட்டினால்தான் ஆகஸ்டில் கிடைக்கும். பொருளாளரின் மேசை வெளியே போகும் கதவருகில் போடப்பட்டிருக்கிறது, ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.