நிமிர்ந்து உட்கார்ந்தால் காம்பு எட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 26, தேசியப் பால் தினத்தன்று உங்கள் நாளிதழில் ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து சிரித்தபடி பால் கறக்கும் படம் வந்திருந்தது. படம் எடுத்தவர் சொல்லித்தான் அப்படி உட்கார்ந்திருப்பார். நிமிர்ந்தால் அந்தப் பக்கத்துக் காம்புகளுக்குக் கை எட்டாது.

கோபிசெட்டிபாளையம் அருகே ஒரு பண்ணையில் 19 ஆண்டுகளாகக் கறவை வேலை செய்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஏழு மாடுகள்; பிற்பகல் இரண்டரைக்கு அதே ஏழு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக்கொள்ள வேண்டும். மடியைக் கழுவித் துடைத்ததும் பால் சுரக்கும். ஏழெட்டு நிமிடத்துக்குள் கறக்காவிட்டால் மீதி மடியிலேயே நின்றுவிடும். இடுப்பு பிடித்துக்கொண்டாலும் நடுவில் எழ முடியாது. உதைக்கிற மாடென்றால் உடம்பு முழுக்க விறைப்பாகவே இருக்கும்.

என் வலது கைக் கட்டைவிரல் இப்போது முழுதாக நிமிர்வதில்லை. இரவில் உள்ளங்கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறேன். கட்டைவிரலை மடக்கி அதன் கணுவால் காம்பை அழுத்திக் கறப்பது அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். முழுக் கையால் பிடித்துக் கறந்தால் காம்பு புண்ணாகாது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். புண்ணான காம்பைப் பார்க்க வந்தபோது சொன்னது அது. என் விரலை அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலையும் இல்லை.

கறந்ததோடு முடிவதில்லை. 40 லிட்டர் கேன் நிறைந்தால் பால் மட்டுமே 41 கிலோ, கேனின் எடை தனி. நானும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு காதைப் பிடித்து இடுப்புக்கு மேலே இருக்கும் வேன் தளத்தில் ஏற்றுகிறோம். வேன் உயரத்துக்கு ஒரு சிமென்ட் திண்ணை இருந்தால் உருட்டியே தள்ளிவிடலாம். இரண்டு முறை கேட்டோம். முதலில் கட்டுத்தரைக்குத் தண்ணீர்த் தொட்டி என்றார்கள். தொட்டி கட்டியாகிவிட்டது, நன்றாகவே இருக்கிறது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. காலை ஏழு மணிக்குப் பால் ஊற்றும்போது எங்கள் ஊர்ச் சங்கத்து வாசலில் கறக்கிறவர்கள் முப்பது பேராவது நிற்போம். மாதத்தில் ஒரு நாள் அந்தச் சிகிச்சை தருகிறவர் ஒருவர் அங்கே வந்தால் போதும். மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட வருகிறவர்களும் அங்கேதான் மேசை போடுகிறார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத கறவைத் தொழிலாளி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.