ஒத்திகைக்கு நடந்து போகிற தூரம்

அன்புள்ள நண்பா,

உன் மெயிலுக்கு உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள், கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. இடது கண்ணுக்கு இன்னும் தேதி கொடுக்கவில்லை. தங்கச்சியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மெல்போர்ன் குளிர் ஆரம்பிப்பதற்குள் பிஸியோவுக்குப் போகச் சொல், தள்ளிப்போட வேண்டாம். இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில், வெயில் குறைந்துவிட்டது, வீட்டில் எல்லோரும் சுகம், பெரியவனுக்குப் பக்கத்து ஊர் பைன்டவுனில் வேலை கிடைத்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "அங்கே இன்னுமா கூத்து ஆடுகிறார்கள், யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்" என்று எழுதியிருந்தாய். ஆடுகிறார்கள். பார்க்கவும் ஆள் வருகிறது. ஆனால் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நான் இப்போது பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒத்திகைக்கு யார் யார் வருகிறார்கள், எப்படி வந்து சேருகிறார்கள் என்பதைத்தான் கவனிக்கிறேன். ஓர் ஊரில் கலை உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் ஹாலில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இந்த வருஷம் தீமிதிக்கு முன்னால் எங்கள் பக்கத்துக் கோயிலில் திரௌபதி துகிலுரிதல் போட்டார்கள். வாத்தியார் யார் தெரியுமா, முன்னாள் பஸ் டிரைவர், நம்மைவிடப் பத்து வயது சின்னவர், ஆர்மோனியத்தில் கை வைத்தால் ஹால் நிறைந்துவிடும். திரௌபதி வேஷம் கட்டியது ஒரு பெண், நர்ஸிங் படிக்கிறாள். நம் காலத்தில் ஆம்பளைதான் கட்டுவான், இல்லையா? முதலில் சில பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், ஒத்திகை பார்த்த பிறகு அடங்கிவிட்டார்கள். அவளுக்குத் தமிழ் பேச வராது, படிக்கவும் வராது. பாட்டு முழுவதையும் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள், ஒவ்வொரு வரிக்கும் கீழே அர்த்தம், மூச்சு எங்கே விட வேண்டும் என்று பச்சை மையில் கோடு. ஒருநாள் ஒரு வரி புரியாமல் வீட்டில் பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். பாட்டி அர்த்தம் சொல்வதோடு நிற்காமல் அடுத்த ஆறேழு வரிகளையும் ராகத்தோடு பாடிவிட்டாராம். வீட்டில் யாருக்கும் அந்த அம்மாளுக்கு அது தெரியும் என்றே தெரியாது, யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பாட்டி ஒரு செவ்வாய்க்கிழமைகூட விடுவதில்லை. ஒரு டின் நிறைய வடையோடு வந்து உட்கார்ந்து உச்சரிப்பைத் திருத்துகிறார்.

தென்னாப்பிரிக்கக் குடியரசின் 1996 அரசியல் சட்டத்தில் ஆறாவது பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, வளர்க்க வேண்டிய, மதிக்க வேண்டிய மொழிகளில் ஒன்றாக. அது பெரிய மரியாதைதான், எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் மொழி அந்தப் பெண்ணின் வாய்க்குள் போனது பாட்டு வழியாகத்தான். தமிழ் வகுப்பு வைத்தால் ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள், கூத்து என்றால் இருபது பேர் வருகிறார்கள், அதில் சிலர் மெல்ல வகுப்புக்கும் வருகிறார்கள். கட்டியங்காரன், அதுதான் கூத்தின் கோமாளி, அந்த வேஷம் போட்ட பையன் கேலியெல்லாம் இங்கிலீஷிலும் சுலு மொழியிலும்தான் பேசினான். கரண்டு வெட்டைப் பற்றி, தண்ணீர் பில்லைப் பற்றி, எல்லாம் வந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விருத்தம் வந்தபோது அதே ஜனங்கள் அமைதியாகிவிட்டார்கள். எனக்கு இரண்டும் சம்மதம். நம் அப்பாக்கள் காலத்திலும் கட்டியங்காரன் அன்றைக்கு நடந்ததைத்தானே பேசினான்.

உன் அப்பாவைப் பற்றி அன்றைக்கு நிறையப் பேசினோம். கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளிகளுக்குக் கட்டிய குடியிருப்பு, நம் மேகசின் பேரக்ஸில் யாரைக் கேட்டாலும் துரியோதனன் என்றால் அவர்தான். பகலில் கார்ப்பரேஷன் குப்பை வண்டி. ஆம்பளைகள் எல்லோரையும் "சாமி" என்றும் பொம்பளைகள் எல்லோரையும் "மேரி" என்றும் கூப்பிட்ட ஓவர்சியர்களுக்குக் கீழே வேலை, சொந்தப் பெயர்கூட அங்கே கிடையாது. ராத்திரி கிரீடம் வைத்துக்கொண்டு சபையில் நுழைந்தால் சோம்சூ ரோடு முழுக்க அந்தக் குரல் கேட்கும். அந்த லைனில் இருந்த ஜனங்களுக்கு, எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த வயதில்தான் எனக்கு முழுசாகப் புரிகிறது. ஒரு வாரம் முழுக்கத் தலைகுனிந்து நடந்த ஆளை ராஜாவாகப் பார்த்த பிள்ளைகள் நாம். நாம் தலைநிமிர்ந்து வளர்ந்ததில் அந்த ராத்திரிகளுக்குப் பங்கு உண்டு.

அவர் வேஷத்துக்குத் தோளில் கட்டிய புஜக்கட்டை ஞாபகம் இருக்கிறதா? டீப்பெட்டிப் பலகையில் வெட்டி, உடைந்த அலமாரிக் கண்ணாடியைச் சில்லுச் சில்லாக ஒட்டி, ஓரத்துக்கு சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். இப்போது பையன்கள் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் செய்கிறார்கள். எடை குறைவு, வியர்வை பட்டால் நமத்துப்போகிறது. கண்ணாடிச் சில்லு ஒட்டுவதற்கு மட்டும் நான் போய் உட்கார்ந்தேன். சில்லை நேராக ஒட்டக்கூடாது, கொஞ்சம் சாய்த்து ஒட்டினால்தான் ஆடும்போது வெளிச்சம் தெறிக்கும். இது உன் அப்பா சொல்லிக் கொடுத்தது, நான் அவர்களுக்குச் சொன்னேன்.

அப்புறம் அந்த ஜமா, நம் பழைய கூத்துக் குழு, எப்படிக் கலைந்தது என்று பையன்கள் கேட்டார்கள். ரசனை குறைந்தது, சினிமா வந்தது என்றெல்லாம் பலர் சொல்வார்கள். சினிமா அதற்கு எவ்வளவோ முன்னாலேயே வந்துவிட்டது, அப்போதும் கூத்து நடந்துகொண்டுதான் இருந்தது. அதை முடித்தது தூரம். 1950-இல் இனத்துக்கு ஒரு பகுதி என்று ஜனங்களைப் பிரித்து வைக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் போட்டார்கள், 60-களில் பேரக்ஸைக் காலி செய்து நம்மை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள், பெயர்கூட வைக்காமல் நம்பர் போட்ட யூனிட்டுகள். டர்பனின் இன்னொரு பகுதியான கேட்டோ மேனரிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் ஜனங்களும் அங்கேதான் வந்து விழுந்தார்கள். பக்கத்துப் பக்கத்து லைனில் இருந்த மிருதங்கக்காரர் ஒரு யூனிட், ஆர்மோனியக்காரர் இன்னொரு யூனிட், நடுவில் மேடு பள்ளம், ராத்திரி பஸ் கிடையாது. வேலை முடிந்து வந்து சோறு தின்றுவிட்டு லுங்கியோடு நடந்து போய் ஒத்திகை பார்த்த ஜமா, இரண்டு பஸ் மாறிப் போய் எத்தனை நாள் ஒத்திகை பார்க்கும்? உன் அப்பா யூனிட் 3-இலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தே வந்து அப்பாவோடு உட்கார்ந்து பாடிவிட்டு நடந்தே திரும்பிய ராத்திரிகள் எனக்குத் தெரியும். இரண்டு பேரை வைத்துக்கொண்டு மகாபாரதம் ஆட முடியாது. வீட்டைப் பிடுங்கினார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஒத்திகையையும் சேர்த்துப் பிடுங்கினார்கள் என்பதை யாராவது எழுத வேண்டும்.

இப்போது தூரம் வேறு மாதிரி. வீட்டுக்கு வீடு கேட், அலாரம், இருட்டினால் வெளியே போக பயம். அதனால்தான் விடிய விடிய ஆடியது இப்போது நாலு மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்குள் முடிகிறது. பழைய ஆட்கள் சிலர் இது கூத்தே இல்லை என்கிறார்கள். எனக்கும் விடிகாலையில் துச்சாதனன் வரும்போது கிடைக்கிற அந்த உதறல் வேண்டும்தான். ஆனாலும் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்க்க முடிகிற நேரத்தில் ஆடுவது சரி என்றே நினைக்கிறேன். ஒத்திகைக்கு வருகிறவர்களை மூன்று பேர் முறை வைத்துக் காரில் கூட்டி வந்து கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த டிரைவர்களையும் நான் கலைஞர்கள் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

தவில் அடிக்க ஒரு சுலுப் பையன் வருகிறான் என்று போன வருஷமே எழுதினேன் அல்லவா? காவடிக்குப் பின்னால் நடந்து நடந்து அடி பழகியவன். சுலுப் பாடகர் பேட்ரிக் இங்கோபோ மெட்ராஸ் போய் யேசுதாஸிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு வந்து இங்கே கச்சேரி செய்ததை நாம் அதிசயமாகப் பார்த்தோம். இந்தப் பையனுக்கு அதெல்லாம் அதிசயமே இல்லை, தவில் அவனுக்குத் தெருவில் கேட்ட சத்தம், அவ்வளவுதான். 2021 ஜூலைக் கலவரத்தில் இங்கே ஃபீனிக்ஸ் பகுதியில் இந்தியர்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், எவ்வளவு உயிர் போனது. அப்போது பல வாரம் அவன் வரவில்லை. வாத்தியார்தான் அவன் வீட்டுக்குப் போய் அவன் அம்மாவிடம் பேசினார். அடுத்த வாரம் அந்த அம்மாளே அவனோடு வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார். அந்தக் காயமெல்லாம் ஒரு தவிலால் ஆறிவிடாது. அந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் பேச்சு நிற்கவில்லை, அது எனக்குப் பெரிய விஷயம்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஹாலுக்குள் முழங்கால் வரை தண்ணீர். அப்போது பையன்கள் முதலில் மேலே தூக்கியது வேஷப் பெட்டியையும் மிருதங்கத்தையும்தான், நாற்காலியெல்லாம் அப்புறம்தான். பெல்லேர் ரோடு அம்பலவாணர் ஆலயத்தில் நாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே அந்தச் செதுக்குக் கதவுகள், அவையும் 1875-இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டிய பழைய கோயில் வெள்ளத்தில் போனபோது மீட்டு வந்தவைதான். கோயிலை 1947-இல் புதிதாகக் கட்டியபோது அவற்றை அதில் வைத்தார்கள். நம் ஜனங்களுக்கு எதை முதலில் தூக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் சொல்கிறேன், மனசில் ஒரு வருத்தமும் இருக்கிறது. கமிட்டியில் பாதிப் பேர் அடுத்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவைக் கொண்டுவர வேண்டும் என்கிறார்கள். கூட்டம் வரும், டிக்கெட் விற்கும், உண்மைதான். ஆனால் டிக்கெட், ஹோட்டல், சவுண்டு எல்லாம் சேர்த்து ஒரு சாயங்காலத்துக்குப் போகிற பணத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் முழுக்க ஒத்திகை நடத்தலாம், வாத்தியாருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம், இரண்டு மிருதங்கத்துக்குப் புதுத் தோல் கட்டலாம். அன்றைக்குப் பாட்டு கேட்டவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை ஹாலில் யார் இருப்பார்கள்? பாடத் தெரிந்தவரைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் ஓர் ஊர் தானே பாடுவதை நிறுத்திவிட்டு எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தால், கூழ் ஊற்றும் பூசைக்கும் ஆள் கூப்பிட வேண்டிய நிலை வந்துவிடும். கூட்டத்தில் இதை எழுந்து நின்றே சொன்னேன். இன்னும் முடிவாகவில்லை, மாதக் கடைசியில் திரும்பவும் கூடுகிறார்கள், திரும்பவும் சொல்வேன்.

உன்னால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது. பையன்கள் அடுத்ததாகக் கர்ணன் கதை ஆட ஆசைப்படுகிறார்கள், வாத்தியாரிடம் பாட்டு பாதிதான் இருக்கிறது. உன் அப்பாவின் காலிகோ அட்டை போட்ட பாட்டு நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? அதில் கர்ணன் சண்டைப் பகுதி முழுசாக இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். மகளிடம் சொல்லி ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. ஓரத்தில் அப்பா பென்சிலில் தாளம் குறித்திருப்பார், அதுவும் விழுகிற மாதிரி எடுக்கச் சொல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மங்கிவிடுகிறது, மெயிலிலேயே அனுப்பு. கூட்டத்துக்கு முன்னால் கிடைத்தால் அங்கே கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டுவேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உன் நண்பன்