காப்பீட்டுக்குச் சேமிப்பு என்று பெயர் வைக்காதீர்கள்

பிரிட்டனில் வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒருவர் அனுப்பிய கடிதம் நான்கு நாளாக எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தொங்குகிறது. ஓராண்டுக்கு விலை மாறாத திட்டத்துக்கு வந்தால் இத்தனை பவுண்டு மிச்சம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மாறிவிடலாம், பனிக்காலத்தில் ஹீட்டரைப் பயமில்லாமல் போடலாம் என்கிறார் என் மனைவி. நான் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவன். கடித உறையின் பின்பக்கம் முழுக்க இப்போது என் கிறுக்கல்தான்.

மின்சாரத்தை மட்டும் சொல்கிறேன். புதிய திட்டத்தில் யூனிட்டுக்கு 2 பென்ஸ் குறைவு. ஆனால் ஒரு யூனிட்கூடச் செலவழிக்காவிட்டாலும் நாள்தோறும் விழுகிற தினக் கட்டணம் 8 பென்ஸ் அதிகம்; அது இரண்டாம் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,900 யூனிட் ஓடும். யூனிட்டில் 38 பவுண்டு லாபம், தினக் கட்டணத்தில் 29 பவுண்டு 20 பென்ஸ் நட்டம். மிஞ்சுவது 8 பவுண்டு 80 பென்ஸ். கடிதம் சொல்வதோ ஏறக்குறைய 25 பவுண்டு! ஆண்டுக்கு 2,700 யூனிட் எரிக்கும் ஒரு சராசரி வீட்டை வைத்துப் போட்ட கணக்கு அது. அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ, நாங்கள் இல்லை. எங்கள் ஸ்மார்ட் மீட்டர் அரை மணிக்கொரு தரம் அளவெடுக்கிறது. கட்டணம் போட உதவுகிற அந்த அளவு, கடிதம் எழுதும்போது மட்டும் எங்கே போயிற்று?

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. எதோடு ஒப்பிட்டு 'மிச்சம்' என்கிறீர்கள்? எங்களைப் போல மாறும் கட்டணத்தில் இருப்பவர்களிடம் இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் வைத்திருக்கும் இன்றைய விலை உச்சவரம்போடு. 2019 ஜனவரியில் வந்த அந்த உச்சவரம்பு, 2022 அக்டோபரிலிருந்து மூன்று மாதத்துக்கொரு முறை மாறுகிறது. மூன்று மாதம் மட்டுமே நிற்கிற விலையைப் பன்னிரண்டு மாதத்துக்கும் நீட்டிப் பெருக்கி, அதிலிருந்து உங்கள் விலையைக் கழித்தால் வருவது சேமிப்பா? நாளை உச்சவரம்பு இறங்கினால் அந்த மிச்சம் நட்டமாகிவிடும். ஏறினால் லாபம் இன்னும் கூடும். எது நடக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

என் மனைவியின் பயத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. சராசரி வீட்டுக்கு 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்த உச்சவரம்பு, 2022 ஏப்ரலில் 1,971 ஆயிற்று. 2023 ஜனவரியில் 4,279. அப்போது அரசாங்கம் குறுக்கே வந்து 2,500 பவுண்டு அளவில் பிடித்து நிறுத்தியிராவிட்டால் பல வீடுகள் குளிரில் உறைந்திருக்கும். அப்படியொரு ஏற்றத்துக்கு எதிரான காப்பீடுதான் நீங்கள் விற்பது. நல்ல சரக்கு. மாதக் கட்டணத்தில் பத்துப் பவுண்டு கூடினாலும் தடுமாறுகிற குடும்பத்துக்கு, சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. பேரைச் சொல்லி விற்றால் என்ன?

அந்தக் காப்பீடும் முழுசு அல்ல. 2021 தொடக்கத்தில் நாங்கள் ஒரு சின்ன நிறுவனத்தில் விலையைப் பூட்டி வைத்தோம். இலையுதிர் காலத்தில் நிறுவனமே மூடிக்கொண்டது. கணக்கில் இருந்த பணம் பத்திரமாக வந்தது. பூட்டிய விலை வரவில்லை. வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டு உச்சவரம்பு விலைக்கு வந்து நின்றோம். அந்த ஆண்டு அப்படி விழுந்த நிறுவனங்கள் இருபதுக்கும் மேல். அவற்றின் வாடிக்கையாளர்களை இடம் மாற்றிய செலவும் பிறகு எல்லோருடைய தினக் கட்டணத்திலும் ஏறியது என்பது தனி எரிச்சல்.

எனவே கடிதத்தின் முதல் பக்கத்தில், என் சொந்த வீட்டின் கடந்த பன்னிரண்டு மாதப் பயன்பாட்டை வைத்துக் கணக்குப் போடுங்கள். தினக் கட்டணத்தை யூனிட் விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். உச்சவரம்பு பத்து சதவீதம் இறங்கினால் எனக்கு எவ்வளவு நட்டம், ஏறினால் எவ்வளவு லாபம் என்று இரண்டு வரி போதும். நடுவில் விலகினால் மின்சாரத்துக்கு 50, எரிவாயுவுக்கு 50 என்று நீங்கள் கேட்கும் கட்டணமும் அங்கேயே இருக்கட்டும்; விலகல் கட்டணமே இல்லாமல் தருகிறவர்களும் உங்களில் உண்டு. ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போதே கட்டணமின்றி மாறலாம் என்ற விதியை, கடைசி மாதத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்கும்படி வைக்காதீர்கள்.

உறையில் இனி எழுத இடமில்லை. அடுத்த உச்சவரம்பு அறிவிப்புக்கு முன்னால் ஒழுங்கான கணக்கோடு ஒரு கடிதம் வந்தால் எங்கள் வீட்டு வாக்குவாதம் ஒரு முடிவுக்கு வரும்.

இப்படிக்கு,
இன்னும் மாறும் கட்டணத்திலேயே இருக்கும் ஒரு வாடிக்கையாளர்