மூட்டு ஊசி: எந்தக் கட்டம் என்று தலைப்பிலேயே போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முழங்கால் தேய்மானத்துக்கு மரபணு ஊசி வரப்போகிறது என்று போன மாதம் நீங்கள் போட்ட செய்தியை என் சின்னம்மா வெட்டி எடுத்துச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். காசிமேட்டில் நாற்பது வருஷம் மீன் கூடை சுமந்தவர், இப்போது மாடிப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி ஒவ்வொரு படியாகத்தான் இறங்குகிறார். அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையிலேயே மூட்டு மாற்று ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள், போகவில்லை. "அதான் ஊசி வந்துடுச்சேடா, இன்னாத்துக்குக் கத்தி வெச்சுக்கணும்?" என்கிறார்.

செய்தியை முழுசாகப் படித்தேன். தலைப்பு "ஒரே ஊசியில் விடிவு". கடைசிப் பத்தியில்தான், முதல் கட்டப் பரிசோதனை என்று ஒரு வரி.

முதல் கட்டத்தின் முக்கிய வேலை வலி தீர்கிறதா என்று பார்ப்பது இல்லை. ஊசி போட்டவருக்கு ஏதாவது ஆகிறதா, எவ்வளவு வரை கொடுக்கலாம், இதுதான். பத்துப் பன்னிரண்டு பேருக்கு, முதலில் கொஞ்சமாகப் போட்டு, பொறுத்திருந்து பார்த்து, அப்புறம் அடுத்தவர்களுக்கு அளவைக் கூட்டுவார்கள். மூட்டு வீங்குகிறதா, நீர் கோக்கிறதா, போட்ட சமாச்சாரம் முட்டியைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறதா என்று கவனிப்பார்கள். அதில் நாலு பேர் வலி குறைந்தது என்று சொன்னால் சந்தோஷம், ஆனால் அது அத்தாட்சி ஆகாது. முட்டிவலி தானாகவே ஏறி இறங்கும், வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டாலே பலருக்குக் கொஞ்ச நாள் குறைகிறது.

தென் கொரியாவின் இன்வோசா என்ற முழங்கால் ஊசியின் கதை உங்கள் நிருபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆறாவது விரலோடு பிறந்த குழந்தையின் அந்த விரலிலிருந்து குருத்தெலும்பு செல்லை எடுத்து, வளர்ச்சியைத் தூண்டும் மரபணு ஒன்றை ஏற்றிய செல்களையும் அதில் கலந்த மருந்து என்றார்கள். மரபணு ஏற்றிய செல்கள் உடம்புக்குள் பெருகிவிடக் கூடாதென்று கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அங்கே முதல் கட்டத்தில் 12 பேர், பெரிய பாதிப்பு இல்லை, 2017இல் அனுமதியும் கிடைத்தது. 2019இல் பார்த்தால், மரபணு ஏற்றிய செல் குருத்தெலும்பே இல்லையாம், ஆய்வகங்களில் வளர்க்கும் சிறுநீரக வகை செல்லாம், கட்டி வருமோ என்ற பயம் வேறு. அனுமதியை ரத்து செய்தார்கள். அதற்குள் 3,000 பேருக்கு மேல் போட்டாகிவிட்டது. அவர்களை 15 வருஷம் கண்காணிக்க உத்தரவு. அமெரிக்காவும் பரிசோதனையை நிறுத்தி வைத்து, 2020இல்தான் மறுபடி தொடரச் சொன்னது. ஆகவே மருந்து மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. முதல் கட்டம் தாண்டியபிறகும் இவ்வளவு இருக்கிறது என்கிறேன்.

சிறுநீரகம் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு ஞாபகம் வரும். 2007இல் எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் கடனுக்காகக் கிட்னியை விற்ற பெண்களைப் பற்றி எல்லாப் பத்திரிகையும்தான் எழுதியது. வலியும் கடனும் இருக்கிற இடத்தில் நம்பிக்கை சீக்கிரம் விலை போகும். உங்கள் செய்தி வந்த வாரமே எங்கள் தெருமுனையில் ஒரு கிளினிக் 'செல் ஊசி' என்று போஸ்டர் ஒட்டி, முட்டிக்கு இவ்வளவு என்று காசு கேட்கிறது. முறையான முதல் கட்டப் பரிசோதனையில் நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று 2019ஆம் வருஷ விதி இருக்கிறது. மத்திய அரசின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அது பதிவாகி இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் எவ்வளவு பேருக்கு உதவியிருக்கும்!

இனி இப்படிச் செய்தி போட்டால் எந்தக் கட்டம், எத்தனை பேர் என்பதைத் தலைப்பிலேயே சொல்லுங்கள். இந்தச் செய்திக்கு ஒரு விளக்கமும் வேண்டும், அதே எழுத்து அளவில், அதே பக்கத்தில். நான் சொன்னால் சின்னம்மா கேட்பதாக இல்லை. "பேப்பர்ல போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்கிறார். அடுத்த தேதி வாங்க ஆஸ்பத்திரியில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், சீக்கிரம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81